கேட்டும் கேளாமல்

ஐஸ் தொழிற்சாலையின் இயந்திர அறைக்கும் நாங்கள் மீன் அடுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே ஓர் இரும்புக் கதவு. அன்று காலை அமோனியாக் குழாய் வெடித்ததும், மெக்கானிக்கான என் கணவர் வால்வை அடைக்க உள்ளே ஓடினார். கதவருகே, அங்கேயே வேலைசெய்யும் என் அண்ணன் நின்றார். கூடம் நிறையப் பெண்கள், அவர்களில் நானும் ஒருத்தி. வெளியே போகும் குறுகலான வாசலில் முட்டி மோதிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து கணவரின் குரல் ஏதோ கத்தியது. வாயு எங்கள் பக்கம் வராதபடி அண்ணன் கதவை மூடித் தாழிட்டார்.

பிறகு வெளிப்புறமாக ஓடி, கடப்பாரையால் இயந்திர அறையின் ஜன்னல் கம்பிகளைப் பெயர்த்து, ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு குதித்து, தரையோடு தரையாகக் கிடந்தவரை இழுத்து வந்தார். கணவர் பிழைத்தார். குரல் மட்டும் கரகரத்துவிட்டது.

‘மூடுங்க’ என்று மாப்பிள்ளையேதான் சொன்னார் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். உடன் வேலைசெய்யும் ஒருத்தி தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் கணவரின் மடியில் வைத்து, பேச முடியாமல் அழுதாள். அவர் தலை குனிந்துகொண்டார். அண்ணனோ எங்கள் வீட்டுப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. எனக்கென்று இருக்கும் ஒரே கூடப்பிறப்பு. இப்படியே விட்டுப்போய்விடுமோ என்று பயந்து, நானே போய்க் கையோடு அழைத்துவந்தேன்.

வந்தவர் டீயைத் தொடவில்லை. அதில் ஆடை படிந்தது.

“மாப்ளே, நீங்க ‘மூடாதீங்க’ன்னுதான் கத்துனீங்க. எனக்கு நல்லாவே கேட்டுச்சு.”

நான் கணவரைப் பார்த்தேன்.

“தெரியும் மச்சான். பயத்துல கத்திட்டேன். அந்தப் பக்கம் இவ இருக்கான்னுகூடத் தோணல. நல்லவேளை, நீங்க என் பேச்சைக் கேக்கல.” கொஞ்சம் இருமிவிட்டு, “என்னைக்குத்தான் கேட்டிருக்கீங்க?” என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. “நீங்க போயிருந்தா?”

இவர் போயிருந்தால், பிழைத்த பெண்களையெல்லாம் வரிசையாக நிறுத்திக் காட்டியிருந்தாலும் அண்ணன் முகத்தில் நான் விழித்திருக்க மாட்டேன். அது எனக்கே தெரிந்தது. அவர் தாழிட்டதால்தான் இப்படி நினைக்க நான் இருக்கிறேன் என்பதும் தெரிந்தது. அவர் தோளைத் தொட்டேன். அண்ணனின் கண்கள் கலங்கின.

ஆறிய டீயைச் சூடாக்கச் சமையலறைக்குப் போனேன். வழக்கம்போலக் காலாலேயே கதவைச் சாத்தப் போனேன்.

“மூடாதே,” என்றார் கணவர், அந்தக் கரகரத்த குரலில்.

அண்ணன் அப்போதுதான் சிரித்தார். நான் கதவைத் திறந்தே விட்டேன்.