ஆணிக்குத் தெரியாதது

1963ஆம் ஆண்டு ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் வண்டிக்காரர் பலவேசம் தம் வீட்டில் இறந்தார். வயது அறுபத்தொன்று.

பத்து மணிக்கு அவர் மகள் ஆவுடைத்தாய் புறவாசலில் உட்கார்ந்து நீர்மாலைக் குடங்களுக்குப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. மூன்று மாதம் மூச்சுக்கு முட்டிப் படுத்த மனிதர் உறக்கத்திலேயே போய்விட்டார். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள், அவளும் தலையாட்டினாள். இழுப்புச் சத்தம் நின்றதும் வீடு விசாலமாகிவிட்டதுபோல் அவளுக்கும் இருந்தது.

பிணத்தைக் குளிப்பாட்டும் நீர்மாலைத் தண்ணீரை எங்கிருந்து எடுப்பது என்ற பேச்சு முன்வாசலில் நடந்தது. பெரியப்பா நல்லதம்பி, வாய்க்காலுக்குப் போய்விடலாம் என்றார். அரை மைல்தான். நீர்மாலைக்குப் போகிறவர்கள் முதலில் தலை முழுக வேண்டும், அந்தக் கிணற்றுத் தண்ணீரை எவன் தன் தலையில் ஊற்றுவான் என்று கேட்டார். மதுரையில் போலீஸ்காரனாக இருக்கும் பலவேசத்தின் மகன் இசக்கிப்பாண்டி லீவில் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

கிணறு வீட்டுக்குப் பின்னால், நாலு வீட்டுக்குப் பொதுவாக இருந்தது. கைப்பிடிச் சுவரில் பஞ்சாயத்துக்காரர்கள் தாரால் எழுதியிருந்தார்கள்: குடிக்கக் கூடாது.

எட்டு மைல் தள்ளி மலையடிவாரத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் செம்புக்கல் தேடிக் குழி தோண்டிய காலத்தில், பலவேசம் அங்கே வண்டி அடித்தார். தேறாத கல்லைக் குழிக்கு வெளியே மலைபோலக் குவித்துப்போட்டிருந்தார்கள். மஞ்சளாக மின்னும் நல்ல கல், சும்மா கிடைக்கிறது. வெறும் வண்டியை ஓட்டி வருவானேன் என்று ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் ஏற்றி வந்து, சரிந்து கிடந்த கிணற்றுக்கு உள்கட்டுக் கட்டினார். வெயில் பட்டால் கிணறு தங்கம்போல் ஜொலித்தது. ஊரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அடுத்த மழைக்குப் பிறகு தண்ணீர் துவர்த்தது. தென்னங்கன்று கருகிற்று. பக்கத்து வீட்டுக் குழல்வாய்மொழியின் பிள்ளைகள் இரண்டும் ஒரு வாரம் வாந்தி எடுத்துப் பிழைத்தன. அன்றிலிருந்து அவள் பலவேசத்தோடு பேசவில்லை. நாலு வீட்டுப் பெண்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார்கள்.

தென்காசிப் பள்ளிக்கூடத்து ரசாயன வாத்தியார் ஏசுவடியான்தான் காரணத்தைக் கண்டு சொன்னார். மின்னுகிற கல்லில் கந்தகம் இருக்கிறது, காற்றும் ஈரமும் பட்டால் அது திராவகமாகிறது, திராவகம் கல்லிலுள்ள செம்பைக் கரைக்கிறது என்றார். இரும்பு கரைந்தால் சிவப்பாய்ப் படிந்து காட்டிக்கொடுத்துவிடும். செம்பு கொஞ்சமாகக் கரைந்தால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஓர் இரும்பு ஆணியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கச் சொன்னார். மறுநாள் எடுத்தபோது ஆணி செம்பு படிந்து காசுபோல் சிவந்திருந்தது.

மூன்று கோடை பலவேசம் அந்தக் கல்லைப் பிடுங்கினார், ஒவ்வொன்றாக. மேட்டில் பள்ளம் வெட்டி, சுண்ணாம்போடு போட்டுக் களிமண்ணால் மூடினார். தண்ணீரிலும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். அடியில் பச்சையும் நீலமுமாகச் சேறு இறங்கிற்று. அதையும் வாரி வெளியேற்றினார். போன வருஷம் ஆணி இரும்பாகவே திரும்பி வந்தது. அன்று அவர் வெற்றிலை வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தார். யாரும் குடத்தோடு வரவில்லை.

"ஆணிக்குத் தெரியாதது மீனுக்குத் தெரியும்," என்றார் ஏசுவடியான். "மீனை விட்டுப் பாருங்க அண்ணாச்சி."

அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆவுடைத்தாய் இலத்தூரிலிருந்து சித்திரையில் வந்தாள். வைகாசியில் விட்ட கெண்டைக் குஞ்சுகள் மூன்றாம் நாள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அதை அவள்தான் வந்து சொன்னாள். அவர் இரண்டு நாள் கஞ்சி குடிக்கவில்லை. மறுபடி ஆளை வைத்துத் தண்ணீரை இறைத்து, சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்தார்கள். ஆனி பிறந்து குளத்திலிருந்து கொண்டுவந்த பதினோரு மீனை அவளே விட்டாள். அவரால் எழுந்து வர முடியவில்லை.

தினமும் விடிந்ததும் கேட்பார்: "கெடக்கா?"

"கெடக்குப்பா. சுத்தி சுத்தி வருது," என்பாள்.

விட்ட நாளுக்குப் பிறகு அவள் கிணற்றை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாரும் வாய்க்காலுக்குப் போய்விடுவார்கள். மீன் செத்திருந்தாலும் வெளியே தெரியாது. நாலு பேர் முன்னால் அப்பா இன்னொரு தடவை தோற்க வேண்டாம். அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எழுந்து முன்வாசலுக்குப் போனாள்.

"பெரியப்பா, நம்ம கெணத்துலதான் எடுக்கணும்னு அப்பா சொன்னாவ."

"எப்பம்ட்டி சொன்னான்?"

"நேத்து. 'பொணத்த வெசம் என்னட்டி செய்யும், அங்கனயே கோரி ஊத்துங்க'ன்னு சொன்னாவ."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். பெரியப்பாவின் வாயும் கோணிற்று. "சாவுதப்பவும் அவன் நக்கலு போகலியே," என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் அவர் மறுக்கவில்லை.

சங்கு ஊதிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்கள். நாலு பேர் வெள்ளை வேட்டியை நாலு முனையில் உயர்த்திப் பிடிக்க, அதன் கீழே ஏழு குடங்கள் பூச்சரத்தோடு வந்தன. குழல்வாய்மொழி தன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். சாவுக்கு வந்துவிட்டாள், கிணற்றடிக்கு வரவில்லை.

இசக்கிப்பாண்டி வாளியை இறக்கினான். ஆவுடைத்தாய் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தண்ணீரில் ஒன்றும் மிதக்கவில்லை. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இத்தனை நாளில் செத்தது அடியில் போயிருக்கும். முதல் வாளி வந்தது. வெறும் தண்ணீர். அவன் கண்ணை மூடிக்கொண்டு தன் தலையில் ஊற்றினான். இரண்டாவது வாளி வந்தது. வெறும் தண்ணீர். பெரியப்பா அதைக் கையில் வாங்கிக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

குடத்துக்கென்று இறக்கிய வாளி சுவரில் இடித்து மேலே வந்தபோது உள்ளே ஏதோ தகரத்தில் அடித்தது.

"என்னடே அது?" என்றார் பெரியப்பா.

"மீனு," என்றான் இசக்கிப்பாண்டி. "வெரல் நீளம் இருக்கு."

"உசுரோடயா?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் குழல்வாய்மொழி.

"துள்ளுது."

அவள் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வாளிக்குள் வெகுநேரம் பார்த்தாள். இசக்கிப்பாண்டி மீனை எடுத்துத் தரையில் எறியப்போனான்.

"கீழ போடாதலே. கெணத்துலயே விடு," என்றாள் அவள்.

அவன் விட்டான். ஏழு குடமும் நிரம்பின. வேட்டிப் பந்தலின் கீழே அவர்கள் திரும்பி நடக்க, ஆவுடைத்தாய் கிணற்றடியிலேயே கொஞ்சநேரம் நின்றாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நல்ல பசி.

மூன்று மணிக்குப் பலவேசத்தைத் தூக்கினார்கள். மழை நின்றிருந்தது, கட்டை நன்றாக எரிந்ததாக ஆண்கள் வந்து சொன்னார்கள்.

ஆகஸ்டில் ஏசுவடியான் இரண்டு பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். குடிக்கலாம் என்று பதில் வந்தது. அதற்கும் முன்பே குழல்வாய்மொழி குடத்தோடு வரத் தொடங்கியிருந்தாள். புரட்டாசியில், வீட்டில் மிஞ்சிக் கிடந்த ஒன்றரை மூட்டைச் சுண்ணாம்பைக் கரைத்துக் கைப்பிடிச் சுவரில் அடித்தார்கள். இரண்டு மழைக்குப் பிறகு தார் எழுத்து லேசாகத் தெரிந்தது. நாலு வீட்டுக்காரர்களும் தண்ணீர் எடுத்தார்கள்.