இறங்காத அம்மை

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. மலையிலிருந்து வாணியம்பாடிக்கு இறங்கிய ஒரு லாரியில், கடுக்காய் மூட்டையின்மேல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "மேல ஒரு நாய்க்கு அம்மை போட்டுச்சுங்க. எறங்கவே இல்ல." அதற்குள் அவர் ஊர் வந்துவிட்டது, குதித்துப் போய்விட்டார். நான் சிரித்தேன். அடிவாரம் சேர்வதற்குள் சிரிப்பு போய், மடியில் ஏதோ சுருண்டு கிடப்பதுபோல ஒரு கதகதப்பு மட்டும் மிஞ்சியது. மற்றதெல்லாம் நான் கட்டியது. முடியில்லாத நாயை நான் தொட்டதுகூட இல்லை.

2

முதலில் எழுதியது: "மூடுபனி விலகியபோது முனியம்மாவின் வாசலில் தெய்வமே நாய் உருவில்..." வேண்டாம். முதல் வரியிலேயே தெய்வத்தை வேலைக்கு இழுப்பது மரியாதையில்லை.

அடுத்தது: "1959 கார்த்திகையில், நெல்லிவாசல்நாட்டில்..." இது தாலுகா ஆபீஸ் காகிதம் மாதிரி இருக்கிறது. பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

"இன்னா சாயபு இது, தோலுரிச்ச மொசலாட்டம் கீது? முடி கழல தோலுக்குப் பண்றாப்ல சுண்ணாம்புத் தொட்டியில முக்கி எடுத்தியா?"

கேட்டவள் முனியம்மா. காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்கும் தனியாள். சாயபு என்பது சனாவுல்லா. அந்தக் கடுக்காயை வாங்கிக் கீழே தோல் பதனிடுகிறவர்களுக்கு விற்பவர். அவர் பையிலிருந்து பூனையளவு நாய் ஒன்று எட்டிப் பார்த்தது. உச்சியில் மட்டும் நாலு மயிர். மற்றபடி சாம்பல் நிறத் தோல், அதில் சிவந்த புள்ளிகள்.

"சீமை நாயிம்மா. பொறப்பே இப்டித்தான். தோல் வாங்க வந்த தொர கப்பலேறும்போது என் தலையில கட்டிட்டுப் போய்ட்டாரு. எங்க வூட்ல அம்மா அஞ்சு வேளை தொழறவங்க, உள்ள சேக்க முடியாது. வெளிய வுட்டா குளிர்லயே செத்துடும். நீ வெச்சுக்கிறியா?"

"எனக்கே கஞ்சி பத்தல." அவள் அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். "சரி வுடு. இதுக்கு இன்னா, பெரிய பானை வயிறா?"

மொசலு என்றே பெயர் வைத்தாள். அதற்குப் பல் குறைவு. (இந்த வகை நாய்களுக்கு அப்படித்தானாம், பிறகு கேள்விப்பட்டேன்.) சாமைக் கஞ்சியைக் குழைத்து ஊட்டினாள். வெயில் பட்டால் தோல் கன்றியது, இலுப்பை எண்ணெய் தடவினாள். பழைய ரவிக்கையின் கையை வெட்டிச் சட்டையாக மாட்டினாள். தூங்கும்போது அது அவள் இடுப்போடு ஒட்டிக்கொண்டது. வெந்நீரில் போட்ட கூழாங்கல்லைப் போன்ற சூடு. அவளுடைய இடுப்புவலி எங்கோ தூரத்து மலைக்குப் போய்விட, மூடுபனியும் நாயின் மூச்சும் அவளும் ஒரே கனவாக மிதந்தார்கள்.

3

ஊருக்குப் பிடிக்கவில்லை. முடியில்லாத நாய் விளைச்சலுக்கு ஆகாது என்று ஊர்ப் பெரியவர் சின்னராசுக் கவுண்டர் சொன்னார். சிலர் கல்லையே எடுத்துவிட்டார்கள். கவுண்டரின் மகள் ரத்தினம்தான் குனிந்து அதைத் தொட்டாள்.

"அப்பா, ஒடம்பு அனலா கொதிக்குது. மேலெல்லாம் முத்து முத்தா கீது."

சூடு, புள்ளி, முடி வேறு கொட்டியிருக்கிறது. அம்மை இல்லாமல் வேறென்ன? கல்லெடுத்த கைகள் கும்பிட்டன. முனியம்மாவின் வாசலில் அவர்களே வேப்பிலை செருகினார்கள். ரத்தினம் தினமும் மோர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

முனியம்மா பொய் சொ...

இல்லை. அவள் எதுவுமே சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாள். கீழே கிடந்த கற்களைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

4

ஊரில் அம்மை இருக்கும்வரை கல்யாணம் கிடையாது. ஆத்தா இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் மேளம் கொட்டலாம். தையில் நடக்க வேண்டிய ரத்தினத்தின் கல்யாணம் நின்றது. மாசி பிறந்தால் வேறு பெண் பார்த்துக்கொள்வதாக மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பினார்கள். நாயின் புள்ளிகளோ அப்படியே இருந்தன.

"அக்கா, ஆத்தா எப்பக்கா எறங்குவா?" மோர்ச் செம்பை வைத்தபடி ரத்தினம் கேட்டாள். முனியம்மா குனிந்து நாயின் சட்டையை இழுத்துவிட்டாள். "பரவால்லக்கா. பாவம், மொசலு நல்லானா போதும்."

அவள் போன பின்பு, மற்ற நாள்களைப்போல அந்த மோரை நாய்க்கு ஊற்ற முனியம்மாவுக்குக் கை வரவில்லை.

இந்த இடத்தில் நான் பல தாள்களை வீணாக்கினேன். சனாவுல்லா வந்து நாயைத் திரும்ப எடுத்துப் போகலாம். ஆனால் அது என் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது. இன்னொரு வழி, முனியம்மாவே தண்ணீர் ஊற்றிவிட்டு "ஆத்தா எறங்கிட்டா" என்று சொல்வது. கல்யாணமும் நடக்கும், நாயும் பிழைக்கும். மேளச் சத்தம்வரை எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். கும்பிட்டுவிட்டு எழுத உட்காருகிறவன் நான். ஆத்தா பெயரைச் சொல்லிப் பொய் எழுத முடியவில்லை. தவிர, மோர் கொண்டுவந்த பெண்ணுக்கு உண்மையைச் சொல்ல வேண்டாமா?

5

ஆகவே முனியம்மாவை அனுப்புகிறேன். விடியற்பனியில், முந்தானைக்குள் நாயோடு, கவுண்டர் வீட்டுக்கு.

"இதுக்கு அம்மை இல்லீங்க. பொறப்பே இப்டித்தான். சாயபு மொதல்லியே சொன்னாரு. கல்லு வுட்டுடுவீங்கன்னு நாந்தான் வாய மூடிக்கினு இருந்தேன்."

கவுண்டர் முகம் கறுத்தது. "அப்ப இத்தினி நாளா ஊரே ஒரு நாயவா கும்புட்டுச்சு? எம் பொண்ணு கல்யாணத்த நிறுத்திட்டு?"

உள்ளேயிருந்து ரத்தினம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "நான் வெச்ச மோரெல்லாம் ஆத்தாளுக்கு இல்லியாக்கா?"

"நாயிதாம்மா குடிச்சிது."

"குடிச்சிது இல்ல?" ஒரு கணம் யோசித்துச் சிரித்துவிட்டாள். "அப்ப சரி."

கவுண்டர் சிரிக்கவில்லை. முந்தானையிலிருந்து நழுவிய நாய், நடுங்கிக்கொண்டே போய் அவருடைய வெறுங்காலோடு ஒட்டி நின்றது. அவர் குனிந்து பார்த்தார்.

இங்கே பேனாவை வைத்துவிடுகிறேன். அவர் நாயைத் தூக்கிக்கொண்டார் என்று நான் எழுதினால் அது என் இளகிய மனசின் வேலை என்று சொல்லிவிடுவீர்கள். அதனால் அடுத்து நடப்பதை உங்களிடம் விடுகிறேன், நம்பித்தான். அவசரமில்லை. பனி இன்னும் விலகவில்லை, வாசல் ஜில்லென்று இருக்கிறது, நாயோ நல்ல சூடு. பாருங்கள், கவுண்டர் இன்னும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.