குழாய்க்காரர் காதில் விழக்கூடாது

என் வீட்டுக்காரருக்குக் குழாய் ரிப்பேர்தான் தொழில். சொந்தக்காரங்க வீட்டுல எங்க கோடை லீவு எப்படிக் கழியும்னு இனி நான் சொல்லணுமா? பையைக் கீழே வைக்கறதுக்குள்ள, "அடுப்படிக் குழாயைக் கொஞ்சம் பாரேன்"னு ஆரம்பிச்சிடுவாங்க. அதுலயும் என் நாத்தனார் இருக்காங்களே, எமகாதகி! போன வருஷம் பாத்ரூமையே புதுசாக்கி வாங்கிட்டாங்க. நாங்கெல்லாம் கூடத்துல சிரிச்சுப் பேசிச் சாப்பிடுவோம். இந்த மனுஷன் கடைசியா வந்து ஆறிப்போனதைத் தனியா சாப்பிடுவார். எனக்கு வயிறு எரியும்.

இந்தத் தடவை பஸ் ஏறும்போதே சொல்லிட்டேன்.

"ஸ்பேனரைத் தொட்டீங்க, நான் அடுத்த பஸ்ல எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். எல்லாரோடயும் உட்கார்ந்து ஒரு வேளையாவது சூடா சாப்பிடணும்."

பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்.

போய் இறங்கினா, வீடே ஒரு தினுசா இருக்கு. நாத்தனார் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். டிக்கெட் கேக்கறதைத் தவிர அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் ரேடியோவை அலறவிட்டு, கூடவே பாடிட்டிருக்கார். கர்ண கொடூரம்!

"கை கால் கழுவ பாத்ரூம் பக்கம் போகாதீங்க. தெருவுக்கே தண்ணி வரல"ன்னு சொல்லிட்டு நாத்தனார் உள்ளே ஓடினாங்க. அதே நேரம் அவங்க பொண்ணு தளும்பத் தளும்ப ஒரு வாளியைத் தூக்கிட்டுப் பின்வாசல் வழியா போறா.

இவர் காது விறைச்சுது. "எங்கயோ ஒழுகுது."

"ஒண்ணும் ஒழுகல, பேசாம உட்காருங்க!"ன்னு அதட்டினேன். கண்டக்டர் அண்ணன் குரலை இன்னும் ஏத்தினார்.

எனக்குப் பொறுக்கல, உள்ளே போய்ப் பார்த்தேன். நாத்தனார் தொப்பலா நனைஞ்சு, உடைஞ்ச குழாயைத் துணி சுத்தி அமுக்கிட்டு நிக்கறாங்க.

சுர்ருனு ஏறிச்சு எனக்கு. "இதுக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு நாடகம்? கூப்பிட வேண்டியதுதானே உங்க தம்பியை!"

"உஷ்! காதுல விழுந்தா வந்துடுவான்மா. போன வருஷம் வந்தான், போனான். நான் பார்த்தது வாஷ்பேசின் அடியில நீட்டிட்டிருந்த ரெண்டு காலைத்தான். இருக்கறது ஒரே தம்பி. இந்த வருஷமாவது அவன் மூஞ்சியைப் பார்க்கணும்."

இவங்களையா அப்படித் திட்டினேன்! புடவையை இழுத்துச் செருகிட்டு நானும் குழாயைப் பிடிச்சேன். பிடிச்ச பிடியில மிச்சமிருந்ததும் புட்டுக்கிட்டு வந்து, தண்ணி கூரை வரைக்கும் பீச்சிச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா அலறினோம்.

இவர் பாத்ரூம் வாசல்ல வந்து நின்னார். "நான் கொஞ்சம்..."

"போங்க அந்தப் பக்கம்!"

போனார். வெளியே வால்வைத் திருகி மூடிட்டு வந்தார். தண்ணி நின்னுடுச்சு. இது எங்க யாருக்கும் தோணவே இல்ல.

"நாளைக்கு வேற ஆளைக் கூப்பிட்டுக்கறோம், நீ வந்து உட்காரு"ன்னாங்க நாத்தனார்.

சொட்டச் சொட்ட எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்தோம். சாப்பாட்டுல ஆவி பறந்தது. நாத்தனார் பரிமாறறதை விட்டுட்டுத் தம்பி முகத்தையே பார்த்துட்டிருந்தாங்க.

"என்னக்கா, ஏதாவது ஒட்டியிருக்கா?"

"மீசையெல்லாம் நரைச்சுப்போச்சேடா! எப்படா இது?"

"அது ஆச்சுக்கா, நாலஞ்சு வருஷம்."