கோட்டைப்பட்டினம் கேட்ட அமெரிக்கக் கவிதை

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அமெரிக்காக்காரன் பாட்டைக் கேட்டுட்டு கோட்டைப்பட்டினமே கடலுக்கு ஓடுச்சுங்க!" அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே நானும் சிரித்தேன். பஸ் ஏறியபின் சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் ஓடியவள் யார் என்று கேட்காமல் வந்துவிட்டேனே! நானே செவந்தி என்று பெயர் வைத்தேன்.

2

அலைகள் ஆர்ப்பரிக்கும் அந்த அந்தி வேளையில்...

(வேண்டாம். அந்தக் கடலில் அலை ஏது? குளம் மாதிரி கிடக்கும்.)

1948, காந்தி இறந்த சில நாட்களுக்குப் பிறகு, படிப்பகத்தில் இரங்கல் கூட்டம். திருமயம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த வாத்தியார் குமரப்பன் ஓர் அமெரிக்கக் கவிதையைத் தமிழாக்கி வைத்திருந்தார். தங்கள் ஜனாதிபதி சுட்டுக் கொல்லப்பட்டபோது அமெரிக்கர்கள் அழுத கவிதை. கப்பல் கரை சேர்கிறது, ஊர் கொண்டாடுகிறது, கப்பலின் தலைவன் மட்டும் மேல்தளத்தில் செத்துக் கிடக்கிறான். கேட்பவர்களுக்குப் புரியட்டும் என்று வாத்தியார் கப்பலைப் படகாக்கினார். தலைவனுக்கு, படகை நடத்துகிறவனை அந்தக் கரையில் அழைப்பதுபோல, தண்டேல் என்று போட்டார். பாவம், நல்ல எண்ணம்தான்.

ஆனால் அந்தப் படிப்பகத்தில் அதுவரை உரக்க வாசிக்கப்பட்டது செய்தித்தாள் மட்டுமே. அங்கே வாசித்தால் அது நடந்தது என்று பொருள். இது கவிதை என்று முன்கூட்டிச் சொல்ல வாத்தியாருக்குத் தோன்றவில்லை. நேரே வாசித்துவிட்டார்.

அன்று திரும்பாத படகு ஒன்றே ஒன்று. அதன் தண்டேல் ராக்கன், செவந்தியின் புருஷன்.

3

"எந்தப் படகு வாத்தியாரே? பேரைச் சொல்லுங்க!"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. அவள் ஓட, ஊர் பின்னால் ஓடியது. "கவிதைங்க! அது கவிதைங்க!" என்று கத்திக்கொண்டு குமரப்பன் கடைசியாக ஓடினார். யார் காதில் விழும்?

(இங்கே ராக்கனைக் கொன்று ஒரு முடிவு எழுதினேன். இலக்கியத் தரமாகத்தான் இருந்தது. எழுதியபின் செவந்தியை நினைத்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.)

4

படகின் பாய் தெரிந்தது. அதற்குக் கீழே நின்று ஒருவன் கத்தினான்.

"என்னத்துக்கு இம்புட்டுக் கூட்டம்? எவன் செத்தான்?"

ராக்கனேதான்!

பெண்கள் போட்ட குலவை பக்கத்து ஊரான ஜெகதாப்பட்டினம் வரை கேட்டிருக்கும். செவந்தி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்டுய்யா போயித் தொலைஞ்ச? ஒனக்கு ஒப்பாரியே வச்சு முடிச்சிட்டேன்!" என்று ஏசினாள். எழுதுகிற எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

5

நியாயமாகக் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். செவந்தி கேட்டால்தானே! ஈரச் சேலையோடு புருஷனையும் இழுத்துக்கொண்டு படிப்பகத்துக்குத் திரும்பினாள். ஊரும் வந்தது. அடி நிச்சயம் என்று குமரப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"செத்துப்போன அந்த மனுசன் யாருங்க?" என்றாள் செவந்தி.

"அவரு தூரதேசத்துக்காரருங்க. நமக்குச் சம்பந்தமில்லாதவரு."

"இருக்கட்டும். இம்புட்டு நேரம் எம்புருசனுக்குத்தான் அழுதேன். அவுகளுக்கு நான் இன்னும் அழுகல. காந்திக்கும் அழுகல." முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "மொதல்லருந்து வாசிங்க."

எந்தக் கவிஞனுக்கு இப்படி ஒரு வாசகி கிடைப்பாள்? குமரப்பன் தாளை எடுத்தார், முதல் வரியிலேயே அழுதுவிட்டார். எனக்கும் அதே கதிதான். ஆகவே தாளை உங்களிடம் தருகிறேன். ஊரே உட்கார்ந்திருக்கிறது. கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.