மூன்றரை மணிக்குத் திரும்பும் ஓரியோல்கள்

கார் தொழிற்சாலையை மூடிப் பதினேழு வருடம் ஆன பிறகு, ஒரு மார்ச் மாதத்தில், எழுபத்து நான்காம் வருட மாடல் ஓரியோல் கார்கள் ஓட்டுபவர் இல்லாமல் டெல்ஃபர் ஊருக்குத் திரும்பத் தொடங்கின. அந்த வாரம் ஒஹாயோவில் முட்டை டஜன் ஒன்றேகால் டாலர். கார்கள் எப்போதும் பிற்பகல் மூன்றரைக்கே வந்தன. முன்பு இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதிய நேரம் அது. காரைப் பூட்டும்போது எந்தக் கை பிழை வைத்ததோ, அந்தக் கையின் வீட்டு வாசலில் போய் நின்றன.

முதலில் ஒரு பச்சைக் கார் ரே டட்டிலின் வாசலுக்கு வந்தது. கதவுக்குள் பீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, வாங்கியவன் ஆயுளுக்கும் கடகடச் சத்தத்தைத் தேட விடுவது, ரே மாதிரி லைனில் நின்று கார் பூட்டிய ஆட்களின் பழைய விளையாட்டு. ரே கதவைப் பிரித்தான், பாட்டில் இருந்தது. தெருவே கைதட்டியது, மாலையில் இறைச்சி சுட்டார்கள். அந்தக் கோடை முழுவதும் வந்த கார்களைத் துடைத்தார்கள், இருக்கையை முகர்ந்து பார்த்தார்கள், கையோடு கழன்று வரும் கைப்பிடியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "என்ன குப்பைடா இது!" என்றான் ரே, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா இதுக்கப்புறம் எதையாவது இவ்வளவு ஆசையா ஓட்டியிருக்கோமா?"

இரண்டாம் வருடம் கூரை ஒழுகும் கார்கள் வந்தன. மூன்றாம் வருடம் பிரேக் பிடிக்காதவை, முகம் நசுங்கியவை. யாரும் இறைச்சி சுடவில்லை. அடுத்து எவை வரும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நான்காம் வருடம் மூன்றேகாலுக்கே ஜன்னல் திரைகள் இழுபட்டன.

வெர்னா ப்ரூயிட் மட்டும் கராஜ் கதவைத் திறந்து வைத்தாள். ஸ்டியரிங் பொருத்தும் இடத்தில் இடது போல்ட் அவளுடையது. வலது, எதிர்வீட்டு ஓர்வல் ஸ்டிட்டுடையது. ஒரு காருக்கு ஐம்பத்திரண்டு விநாடி. மகள் ஜனீனுக்காக ஊழியர் சலுகையில் பதிவு செய்திருந்த நீல ஓரியோல் லைனில் நகர்ந்து வந்தபோது அத்தனை பேரும் விசிலடித்தார்கள். ஐந்து மாதம் கழித்து ஆற்றங்கரை வளைவில் அந்தக் கார் வளையாமல் நேரே ஆற்றில் பாய்ந்தது. ஜனீனுக்குப் பத்தொன்பது வயது. ஸ்டியரிங்கில் ஒரு போல்ட் மாட்டப்படவே இல்லை என்றது விபத்து அறிக்கை. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அது ஓர்வலாக இருக்கட்டும் என்று வெர்னா முப்பத்து மூன்று வருடம் வேண்டிக்கொண்டாள். எதிர்வீட்டில் என்ன வேண்டுதல் நடக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அக்டோபரில் ஒரு நாள் ஓர்வல் தெருவைக் கடந்து வந்தான்.

"கராஜை ஏன் திறந்து போட்டிருக்கே? ரக்கூன் குடும்பத்தோட குடியேறிடும்."

"ஜனீன் வந்தா வேற எங்க நிறுத்துவா?"

"என் வீட்டுக்கும் வரலாம், வெர்னா."

"வந்தா குரல் கொடு."

அவன் போகாமல் நின்றான். "அவ கார் லைன்ல வந்த அன்னைக்கு நீ விழுந்து விழுந்து சிரிச்சே. அது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு."

"சிரிக்க வெச்சது யாரு, கிழட்டுக் கோமாளி?"

அவன் தன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நீலக் கார் தெருமுனையில் திரும்பியது. முன்பக்கம் நசுங்கியிருந்தது, கண்ணாடியில் ஆற்றுச் சேறு இன்னும் ஈரமாக இருந்தது. ஓர்வல் வீட்டின் முன் அது வேகம் குறைத்தது. அவன் தொப்பியைக் கழற்றினான். கார் அவனைத் தாண்டி மெல்ல வளைந்து வெர்னாவின் கராஜுக்குள் நுழைந்து அணைந்தது. ஓர்வல் முகத்தில் வந்த நிம்மதியை மறைக்க அவசரமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

வெர்னா குனிந்து பார்த்தாள். இடப்பக்க ஓட்டை காலியாக இருந்தது. போல்ட் வாங்கி வந்து முறுக்கினாள். கை மறந்திருக்கவில்லை, ஒன்பது விநாடியில் முடிந்தது. மறுநாள் காலை ஓட்டை மறுபடி காலியாக இருந்தது. அன்றும் வாங்கினாள். இப்போது கடைத்தெருவில் இரும்புச் சாமான் விற்கும் நெல்சன் அந்த அளவு போல்ட்டை அவளுக்கென்றே பெட்டி பெட்டியாக வரவழைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதால், சனிக்கிழமைகளில் இரண்டாகக் கொடுத்துவிடுகிறான்.