ஐந்தாம் தட்டில் ஃபிரிட்ஜ்

"பிரஷர் நூத்தி எழுபதுக்கு நூத்தி அஞ்சு. நாடி நூத்தி இருபத்தெட்டு," என்றார் நர்ஸம்மா. "ஓடி வந்தீங்களா?"

"உக்காந்துதாம்மா இருந்தேன்."

"காலையில என்ன குடிச்சீங்க?"

அங்கேதான் மாட்டினேன். எங்கள் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு மூன்று ஓட்டுநர்கள். நெட்டை, சோடாபுட்டி, நான். வருடம் ஒருமுறை இந்தப் பரிசோதனை. தேறினால் வண்டி ஓட்ட பாஸ் தருவார்கள், தேறாவிட்டால் வண்டியை விட்டு இறங்கி அட்டைப்பெட்டி ஒட்டப் போக வேண்டும். பதினோரு வருடமாக ஓட்டுகிறேன். இங்கே வண்டி ஏறிய முதல் பெண் நான். இறங்குவதாவது!

ஆனால் வினையை நாங்களே தேடிக்கொண்டோம். கிடங்கின் மூலையில் சூப்பர்வைசர் வைத்த கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. நிறைய எனர்ஜி டிரிங்க், எல்லாம் இலவசம். அவரும் குடிப்பார். காலையில் ஒரு டின், சாப்பாட்டுக்கு முன் ஒன்று, மூன்று மணிக்குக் கண் சொருகும்போது ஒன்று என்று மூன்று வருடப் பழக்கம். தூங்குமூஞ்சியாகத் தெரிந்தால் பாஸ் போய்விடுமே என்று பயந்து, பரிசோதனைக்குப் போகுமுன் ஆளுக்கு இரண்டு டின்னை மடமடவென்று குடித்திருந்தோம். எங்களைத் தவிர எந்த அறிவாளிக்கு இது தோன்றும்?

மூன்று பேரும் ஃபெயில்.

"ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"படுத்தா வராது. விடிஞ்சா எழுந்திருக்க முடியாது."

"அதுக்கு இன்னொரு டின். அப்படித்தானே?"

ஒரு வாரம் வண்டியைத் தொடக்கூடாது, டின்னையும் தொடக்கூடாது, மறுபடி பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வாரத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஓட்டுநரை வரவழைத்தார்கள்.

சூப்பர்வைசர் சிரித்தார். "சும்மா பயமுறுத்துறாங்கக்கா. அது இல்லாம மூணு மணிக்கு மேல நீங்க தாங்க மாட்டீங்க."

தாங்க மாட்டேனாம். எனக்குச் சுருக்கென்றது. "பார்த்துடலாம்," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டாம் நாள் மண்டை பிளந்தது. மூன்றாம் நாள் பசை தடவிய பெட்டியின் மேலேயே கவிழ்ந்து தூங்கி, நெற்றியில் லேபிளோடு எழுந்தேன். கிடங்கே சிரித்தது. எதிரில் சில்லென்று ஒரு டின்னைக் கொண்டுவந்து வைத்தார் சூப்பர்வைசர். எச்சில் ஊறியது, பொய் சொல்ல மாட்டேன். எடுத்து அவர் மேசைமீதே திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மகள் தினமும் சாயங்காலம் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள். "நேத்து தொண்ணூத்தாறு, இன்னிக்கு எண்பத்தெட்டும்மா." ஆறாம் நாள் காலை என்னை உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

"குறட்டை விட்டம்மா நீ!"

"நானா? போடி!" என்றேன். உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம்!

மறுபரிசோதனையில் எனக்கு நூற்று முப்பதுக்கு எண்பத்து நான்கு, நாடி எழுபத்து நான்கு. "மாசாமாசம் வந்து காட்டணும்," என்று மிரட்டிவிட்டே நர்ஸம்மா கையெழுத்துப் போட்டார். நெட்டையும் சோடாபுட்டியும் தைரியத்துக்கு ஒன்றே ஒன்று குடித்துவிட்டு வந்திருந்தார்கள். மறுபடி ஃபெயில். அடுத்த வாரம்தான் கடைசி வாய்ப்பு.

வெளி ஓட்டுநர் போய்விட்டார். இரண்டு பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர் இரண்டு டின்னோடு வந்தார். "விடுங்கப்பா. இதக் குடிச்சிட்டு மனசத் தேத்திக்குங்க."

சோடாபுட்டி கையை நீட்டினான். அந்த விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

வந்ததே எனக்குக் கோபம்! இரண்டு டின்னையும் பிடுங்கி ஃபிரிட்ஜுக்குள்ளேயே போட்டுக் கதவைச் சாத்தினேன். ஒயரைப் பிடுங்கினேன். தரை கழுவும்போது நனையக்கூடாதென்று அதை மரப்பலகைமேல் ஏற்றித்தான் வைத்திருந்தார்கள்; நல்லதாய்ப் போயிற்று. கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். வண்டியில் ஏறி இரண்டு முறை ஹாரன் அடித்தேன். எல்லோரும் ஒதுங்கினார்கள். பலகைக்கு அடியில் வண்டியின் இரும்புக் கரங்களை நுழைத்து, ஒரு டின்கூட உருளாமல் மேலே மேலே தூக்கி, சரக்கு அடுக்கும் ராக்கின் ஐந்தாம் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். கூரைக்கு ஒரு முழம்தான் பாக்கி. என் கை துளிகூட நடுங்கவில்லை.

"அக்கா! இறக்குங்க அத! இது கம்பெனிப் பொருள்!"

"பத்திரமாத்தான் இருக்கு." இறங்கி வந்து, வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். "பாஸ் இருக்கிறவங்கதானே இறக்கணும்? நான் இறக்க மாட்டேன். இவங்க ரெண்டு பேரும் பாஸ் வாங்கிட்டு வந்து இறக்கட்டும்."

"ரிப்போர்ட் எழுதுவேன், தெரியும்ல?"

"தாராளமா எழுதுங்க. எதனால ஏத்தினேன்னும் சேர்த்து எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

அவர் பேனாவை எடுத்தார். காகிதத்தில் வைத்த பேனா முனை தட்தட்டென்று அடித்துக்கொண்டது. கையைச் சட்டென்று மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நாங்கள் மூவரும் பார்த்துவிட்டோம்.

சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தலையை நிமிர்த்தி ஐந்தாம் தட்டைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து மணிக்கட்டை நீட்டினான்.

"எனக்கும் எண்ணுங்கக்கா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன்.