போய்ட்டு வர்றேன்

மருதங்காடு பழைய விவசாய அருங்காட்சியகத்தில் விடைபெறும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொன்னவர்கள் வந்தே ஆக வேண்டும். அங்கே வேலைக்கு ஆள் சேர்ப்பது அப்படித்தான். ஏற்றம் இறைப்பவர், நாற்று நடுபவர்கள், எருமை மேய்ப்பவர் எல்லோருமே ஒரு காலத்தில் டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவர்கள்.

தணிகைவேல் ஞாயிற்றுக்கிழமை மனைவி கோமதியையும் மகள் நிலாவையும் அங்கே அழைத்துப் போனார். வயலாக இருந்து வாகன நிறுத்தமாகிவிட்ட இடத்தில் காரை விட்டார்கள். வாகன நிறுத்தமாக இருந்து வயலாகிவிட்ட இடத்தில் ஆளுக்கொரு நாற்று நட்டார்கள். கால் கழுவ மினரல் வாட்டர் தந்தார்கள். பிறகு குடியானவர் வீட்டில் ஒரு பெண் ஊற்றிய கம்பங்கூழைக் குடித்தார்கள்.

கிளம்பும்போது நிலா "பை" என்றாள். ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தது வீண்போகவில்லை. தணிகைவேல் வழக்கம்போல் சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டினார். கோமதிதான் வளர்ந்த முறைப்படி கைகூப்பி, "போய்ட்டு வர்றேங்க" என்றாள்.

வாசலில் மேற்பார்வையாளர் அவளிடம் ஒரு கண்டாங்கிச் சேலையை நீட்டினார்.

"'போறேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா விட்டுருவோம் சார். நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதில்லை."

"சொல்லித் தொலையேன், கோமதி," என்றார் தணிகைவேல். அவளிடம் அவர் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அவள் இல்லாத வீட்டை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"விளக்கு வைக்கிற நேரத்துல, கழுத்துல தாலியோட நின்னுக்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்லுவேனா? உங்களுக்கு ஆகாதுங்க."

அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக அவரை விட்டுவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். பார்வையாளர்கள் படம் எடுத்தார்கள். தணிகைவேலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுவதற்கான இடம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் என்று பலகை வைத்திருந்தார்கள். அங்கே போய் அழுதுவிட்டு வந்தார்.

"வீட்டுக்கு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்புற பழக்கம் எங்களுக்கில்லை சார்," என்றார் மேற்பார்வையாளர்.

குடியானவர் வீட்டில் கூழ் ஊற்றிய பெண் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரிக்கு என்ன இருக்கு?" என்று பின்னால் திரும்பி நிலாவிடம் கேட்டாள்.

"தோசை மாவு இருக்கும்மா," என்றாள் நிலா.

தணிகைவேல் வழியில் நிறுத்தி, சட்னிக்கு ஒரு தேங்காய் வாங்கினார்.